கோடு சொல்லும் கோளாறு!

பரண் மேலே தூங்கும் பழைய சி.ஆர்.ஓ.வைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன்னால், ஒரு நிமிஷம் அதன் முகத்தைப் பாருங்க பாஸ்!

எலெக்ட்ரானிக்ஸ் லேப் உள்ள எந்தக் காலேஜுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கலர் டிஸ்ப்ளேவோடு டிஜிட்டல் ஸ்கோப்கள் டேபிள் மேலே ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். பீரோவுக்குப் பின்னாலோ, ஸ்டோர் ரூம் மூலையிலோ இன்னொரு கூட்டம் இருக்கும். சின்னதாக ஒரு பச்சைத் திரை, அதைச் சுற்றி இருபது முப்பது நாப்கள், தலையில் ஒரு இஞ்ச் தூசி, மேலே ஒட்டிய பேப்பரில் 'நாட் வொர்க்கிங்'. அடுத்த ஸ்டாக் வெரிஃபிகேஷனில் கண்டம் பண்ணக் காத்திருக்கும் அனலாக் ஆஸிலோஸ்கோப். நம்ம லேப் பாஷையில், சி.ஆர்.ஓ.

'நாட் வொர்க்கிங்' என்பதெல்லாம் ஒரு ரிப்போர்ட்டா? டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தால் அவர் என்ன மருந்து எழுதுவார்? தலையா, வயிறா, எப்போதிருந்து என்று நாலு கேள்வி கேட்பார் இல்லையா? அந்த விஷயத்தில் சி.ஆர்.ஓ. ரொம்ப நல்ல பேஷன்ட். எங்கே வலிக்கிறது என்பதை முகத்திலேயே எழுதி வைத்திருக்கும். திரையில் வருகிற தப்பான படமும் ஒரு ரீடிங்தான். அதைப் படிக்கத் தெரிந்தால், ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்தப் பெட்டிக்கு வயசு அதிகம். கேதோட் கதிர்க் குழாயை வைத்து மின்சாரத்தின் ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம் என்று 1897-ல் காட்டியவர் ஜெர்மனியின் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன். 1946-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் ஹோவர்ட் வாலம், ஜாக் முர்டாக் இருவரும் நண்பர்களோடு சேர்ந்து டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே வந்த அவர்களுடைய 511 மாடல், ஓடிக்கொண்டே இருக்கும் அலையை டிரிகர் பண்ணி ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்திக் காட்டியது. 1958-ல் ப்ரூக்ஹேவன் ஆராய்ச்சிக் கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர், லேபைப் பார்க்க வருகிறவர்களுக்கு போர் அடிக்கக் கூடாதே என்று ஐந்து இஞ்ச் ஸ்கோப் திரையில் டென்னிஸ் ஆட வைத்தார். ஆமாம்... வீடியோ கேம்ஸின் தாத்தாக்களில் ஒருவர் ஓடியது இந்தப் பச்சைத் திரையில்தான்!

கோலம் போடுற கை!

உள்ளே என்ன நடக்கிறது? தியரி பேப்பரில் எட்டு மார்க்குக்கு எழுதியதை மறந்துவிடுங்கள். மார்கழி மாசக் காலையில் வாசலில் கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். விரலிடுக்கில் விழும் மாவுதான் எலெக்ட்ரான். எவ்வளவு மாவு விழுகிறது என்பது இன்டென்சிட்டி. இழை மெல்லிசா, தடிப்பா என்பது ஃபோகஸ். கையை இடமிருந்து வலமாக ஒரே வேகத்தில் நகர்த்துவது ஹரிஸான்டல் பகுதியின் வேலை. அதே கையை மேலும் கீழும் ஆட்டுவது வெர்ட்டிகல் ஆம்ப்ளிஃபையர். நீங்கள் கொடுக்கும் சிக்னலின் தாளத்துக்கு அது ஆட்டும். வலது ஓரத்துக்குப் போன கை மறுபடி இடது பக்கம் வரும்போது மாவு சிந்தக் கூடாது இல்லையா? அந்த நேரம் விரலை மூடிக்கொள்வது பிளாங்கிங்.

இதற்கெல்லாம் சோறு போடுவது இரண்டு அடுப்பு. சாதாரண சர்க்யூட்களுக்கு ஐந்து, பதினைந்து, நூறு வோல்ட் என்று தரும் லோ வோல்டேஜ் சப்ளை ஒன்று. பிக்சர் ட்யூபுக்கு ஆயிரக்கணக்கில் வோல்ட் தரும் ஹை வோல்டேஜ் சப்ளை இன்னொன்று. அவ்வளவுதான் மொத்தக் கதை. கோலம் கோணலானால் கை கோணலா, மாவு சரியில்லையா, தரை சாய்வா என்று பார்க்கிற மாதிரிதான் இனி வரப்போவது எல்லாம்.

பாதி பேஷன்ட்டுக்கு வியாதியே இல்லை!

ஆன் பண்ணியாச்சு. லைட் எரிகிறது. திரை கும்மிருட்டு. உடனே 'ட்யூப் போச்சு மச்சி' என்று தீர்ப்பு எழுதாதீர்கள். முப்பது நாப் இருக்கிற மெஷினில், முன்னாடி யூஸ் பண்ணின புண்ணியவான் எதை எங்கே திருப்பி வைத்துவிட்டுப் போனாரோ யாருக்குத் தெரியும்?

இன்டென்சிட்டியை முக்கால்வாசிக்குக் கொண்டுவாருங்கள். பொசிஷன் நாப்கள் எல்லாவற்றையும் நடுவில் நிறுத்துங்கள். இன்புட் கப்ளிங் கிரவுண்டில் இருக்கட்டும். முக்கியமாக டிரிகர் மோட்! அது 'நார்மல்' என்ற இடத்தில் இருந்தால், சிக்னல் வராத வரை கோடே வராது. அது கோளாறு இல்லை, அதன் குணம். 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள். 'சிங்கிள் ஸ்வீப்' பட்டன் அமுங்கியிருந்தாலும் இதே கதைதான். எக்ஸ்-ஒய் பட்டன் உள்ளே போயிருந்தால் கோட்டுக்குப் பதில் ஒரே ஒரு புள்ளி வந்து நிற்கும்.

நல்ல மாடல்களில் 'பீம் ஃபைண்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். டெக்ட்ரானிக்ஸ் 465-ல் உண்டு. 1972-ல் வந்த, 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல் மாடல் அது. இன்றைக்கும் பழைய ஸ்கோப் பிரியர்களின் செல்லம். அந்தப் பட்டனை அமுக்கினால், திரைக்கு வெளியே தொலைந்துபோன கோட்டை அது சுருக்கித் திரைக்குள் இழுத்துக்கொண்டு வரும். அப்படி வந்த கோடு மேல் பக்கமாக ஒதுங்கி நின்றால், வெர்ட்டிகலில் ஏதோ ஒன்று அதை மேலே தள்ளுகிறது. இடது, வலது ஓரத்தில் ஒட்டி நின்றால் ஹரிஸான்டல். அமுக்கியும் துளி வெளிச்சம் கூட வரவில்லையா? அப்போது சந்தேகம் ஹை வோல்டேஜ், பிளாங்கிங், ட்யூப் பக்கம் போகிறது. ஒரே பட்டன், மூன்று பதில். என்னைக் கேட்டால், சி.ஆர்.ஓ. வரலாற்றிலேயே பெஸ்ட் கண்டுபிடிப்பு இதுதான்!

சிக்னல் கோணல்மாணலாக வருகிறது என்ற புகாரிலும் முதல் குற்றவாளி பெரும்பாலும் ப்ரோப்தான். சதுர அலையின் மூலைகள் உருண்டு வருகிறதா, இல்லை கொம்பு முளைத்த மாதிரி துருத்துகிறதா? பத்து மடங்கு குறைக்கும் ப்ரோபில் ஒரு குட்டி ட்ரிம்மர் ஸ்க்ரூ இருக்கும். ஸ்கோப்பின் சொந்த காலிப்ரேட்டர் முனையில் ப்ரோபை மாட்டி, மூலை சதுரமாகும் வரை அதைத் திருப்பினால் முடிந்தது. சேனல் ஒன்று ஓகே, சேனல் இரண்டு டல் என்றால், முதலில் ப்ரோபை மாற்றி மாட்டிப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால், ஸ்கோப் நிரபராதி!

மூடியைக் கழற்றும் முன்...

இங்கே கொஞ்சம் சீரியஸா பேசிடலாம். ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் நோண்டிய தைரியத்தில் இதற்குள் கை விடக் கூடாது. 465 மாதிரி ஸ்கோப்பில் ட்யூபின் கேதோடு பக்கம் மைனஸ் இரண்டாயிரம் வோல்ட்டைத் தாண்டியும், ஆனோடு பக்கம் பல்லாயிரம் வோல்ட்டும் இருக்கும். உங்கள் பையில் இருக்கும் மல்ட்டிமீட்டர் ஆயிரம் வோல்ட்டைத் தாண்டினால் அவுட். அதை வைத்து ஹை வோல்டேஜை அளக்கப் போனால் மீட்டர் போகும்; பிடித்திருக்கும் கையும் போகலாம். அதற்கென்றே ஹை வோல்டேஜ் ப்ரோப் உண்டு. அது இல்லையா? அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் சேஃப் என்ற நினைப்பும் தப்பு. கண்ணாடி ட்யூபே ஒரு கபாசிட்டர் மாதிரி சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். சேஸிஸோடு இணைத்த, இன்சுலேஷன் உள்ள கம்பியால், நடுவில் பெரிய ரெசிஸ்டர் வைத்து அதை வடிய விடத் தெரிந்த லேப் அசிஸ்டென்ட்டோ, சீனியரோ முதல் தடவை பக்கத்தில் இருக்கட்டும். ட்யூபின் கழுத்தில் இடித்துவிட்டால், உள்ளே வெற்றிடம் என்பதால் கண்ணாடி நொறுங்கித் தெறிக்கும். ஆன் பண்ணி அளக்கும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். மோதிரம், கைச்செயின், காப்பு எல்லாம் மேஜை டிராயரில். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹாஸ்டல் ரூமில் தனியாக உட்கார்ந்து இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் பீஸா? முதுகுப் பக்கம் வோல்டேஜ் செலக்டரைப் பாருங்கள். அமெரிக்காவில் வாழ்ந்த ஸ்கோப் 115 வோல்ட்டில் செட் ஆகியிருக்கும். அதை அப்படியே நம் 230-ல் சொருகினால் ஃப்யூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம். செலக்டரை மாற்றும்போது, அந்த வோல்டேஜுக்கு மேனுவல் சொல்லும் ஃப்யூஸையும் மாற்ற வேண்டும்.

இன்னொரு பழக்கம் நம்ம ஊரில் ரொம்ப ஃபேமஸ். கிரவுண்டு லூப் தொல்லை என்று ஸ்கோப்பின் எர்த் பின்னையே பிடுங்கி விடுவது. ப்ரோபின் கிரவுண்டு கிளிப், முன்பக்க பி.என்.சி. சாக்கெட், மெட்டல் பாடி எல்லாமே அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கிறது. எர்த்தைப் பிடுங்கிவிட்டு கிளிப்பை மெயின்ஸ் சம்பந்தப்பட்ட இடத்தில் மாட்டினால், ஸ்கோப் முழுக்க ஷாக் பெட்டி. அடுத்து வந்து நாப்பைத் தொடுகிற ஜூனியருக்கு இது தெரியாது. எர்த் இல்லாத பழைய ஸ்கோப்பைப் பார்த்தால், வேறு எதையும் தொடும் முன்பு அதைத்தான் சரி பண்ண வேண்டும்.

முகத்தைப் படிப்போம்!

இப்போது மெயின் பிக்சர். காலிப்ரேட்டர் சதுர அலையை இன்புட்டில் கொடுத்துவிட்டுத் திரையைப் பாருங்கள்.

நடுவில் ஒரே ஒரு புள்ளி, நெற்றிப் பொட்டு மாதிரி பளிச்சென்று. எக்ஸ்-ஒய் பட்டனும் வெளியேதான் இருக்கிறது. அப்படியென்றால் கை இரண்டு பக்கமும் அசையவில்லை. முதலில் இன்டென்சிட்டியைக் குறையுங்கள். ஒரே இடத்தில் எலெக்ட்ரான் கொட்டிக்கொண்டே இருந்தால் அங்கே பாஸ்பர் கருகி, ஆயுசுக்கும் கறை நிற்கும். இரண்டு பகுதியும் ஒரே நேரத்தில் தனித்தனியாகச் செத்துப்போவது அபூர்வம். எனவே இரண்டுக்கும் பொதுவான பவர் சப்ளைதான் முதல் சந்தேகம்.

புள்ளி மேலும் கீழும் இழுபட்டு செங்குத்துக் கோடு ஒன்று மட்டும் நிற்கிறதா? வெர்ட்டிகல் ஜோராக வேலை செய்கிறது. ஸ்வீப் வரவில்லை. டைம் பேஸ், ஹரிஸான்டல் ஆம்ப்ளிஃபையர் பக்கம் போங்கள். ஸ்கோப்பில் எக்ஸ்-ஒய் வசதி இருந்தால் இங்கே ஒரு சின்ன டெஸ்ட்... எக்ஸ் இன்புட்டில் சிக்னல் கொடுத்தால் புள்ளி பக்கவாட்டில் நகர்கிறதா? நகர்ந்தால் கடைசி ஆம்ப்ளிஃபையர் உயிரோடு இருக்கிறது, ஸ்வீப் ஜெனரேட்டரோ டிரிகரோதான் தூங்குகிறது. நகராவிட்டால் ஆம்ப்ளிஃபையரையே பாருங்கள். பெட்டியைத் திறக்காமலே தேட வேண்டிய இடம் பாதியாகிவிட்டது பாருங்கள்!

படுக்கைக் கோடு வருகிறது, ஆனால் சிக்னல் ஏறி இறங்கவில்லை என்றால் அப்படியே உல்டா. கப்ளிங் கிரவுண்டில் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீங்க, நிறைய பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அடுத்து, இரண்டு சேனலும் அப்படியா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் அந்தச் சேனலின் முன்பகுதியில் கோளாறு. இரண்டுமே என்றால் இரண்டும் சேர்ந்த பிறகு வரும் பொதுப் பாதையில். இந்த இரட்டைப் பிறவி விஷயம் ஒரு வரம். ஒரு சேனல் நன்றாக இருந்தால், அதன் ஒவ்வொரு டிரான்சிஸ்டர் முனையிலும் என்ன வோல்டேஜ் என்று எழுதிக்கொண்டு, அதே இடத்தை மற்ற சேனலில் அளந்து ஒப்பிடலாம். சர்க்யூட் டயகிராமே இல்லாவிட்டாலும், 'நல்லா இருக்கிற அண்ணனைப் பார்த்துத் தம்பியைத் திருத்தும்' டெக்னிக்!

கோடு மேல் ஓரத்திலோ கீழ் ஓரத்திலோ போய் ஒட்டிக்கொண்டு, பொசிஷன் நாப்பை எவ்வளவு திருப்பினாலும் வரமாட்டேன் என்றால், அது தராசுப் பிரச்னை. வெர்ட்டிகல் ஆம்ப்ளிஃபையர் தராசு மாதிரி இரண்டு கை உள்ளது. கோடு நடுவில் இருக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜ் வேண்டும். கடைசி நிலையில் ஆரம்பித்துப் பின்னோக்கி, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு கையையும் அளந்துகொண்டே வாருங்கள். கோணல்... கோணல்... கோணல்... திடீரென்று ஒரு நிலையில் சமம்! அந்த சமத்துக்கும் அடுத்த கோணலுக்கும் நடுவில் இருக்கிறார் வில்லன். வோல்ட்ஸ்-பெர்-டிவிஷன் நாப்பைத் திருப்பும்போது மட்டும் கோடு துள்ளினால், அது பெரிய வியாதி இல்லை, டி.சி. பேலன்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் விலகியிருக்கும். நாப்பைத் தொட்டாலே கோடு காணாமல் போய், ஆட்டினால் திரும்பி வந்தால், சுவிட்ச் கான்டாக்டில் அழுக்கு. 465 மாதிரி மாடல்களில் அந்த கான்டாக்ட்கள் மயிலிறகு மாதிரி மெல்லிசு. கண்ட ஸ்ப்ரேயை அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்தால் வளைந்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதப் பட்டையைக் கான்டாக்டுக்கு நடுவில் மெதுவாக இழுத்து எடுப்பது போதும்.

நேர்க்கோடாக வர வேண்டியது கடல் அலை மாதிரி நெளிகிறதா? சூப்பர், இது ரொம்ப ஈஸி. டிரிகர் சோர்ஸை 'லைன்' என்று மாற்றுங்கள். நெளிவு அசையாமல் நின்றுவிட்டால், அது கரன்ட்டிலிருந்து வருகிறது. டைம் பேஸை 2 மில்லி செகண்டில் வையுங்கள். பத்துக் கட்டம் என்றால் திரையின் முழு அகலம் 20 மில்லி செகண்ட். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் அதேதான். திரையில் இரண்டு நெளிவு இருந்தால் 100 ஹெர்ட்ஸ். ஃபுல் வேவ் ரெக்டிஃபையருக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டர் கபாசிட்டர் காய்ந்துபோயிருக்கலாம். ஒரே ஒரு நெளிவு என்றால் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜில் ஒரு டயோடு வேலைநிறுத்தம் செய்யலாம். இல்லை, பக்கத்து டேபிளில் யாரோ ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மரை வைத்து அதன் காந்தப்புலம் எலெக்ட்ரானை ஆட்டலாம். ஸ்கோப்பை இரண்டடி நகர்த்திப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கோடு நேராகத்தான் இருக்கிறது, ஆனால் சாய்ந்திருக்கிறது... இதற்குக் காரணம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பூமி! அதன் காந்தப்புலம் எலெக்ட்ரான் கற்றையை லேசாகத் திருப்பிவிடும். அதனால்தான் வடக்கு பார்த்த டேபிளில் நேராக இருந்த கோடு, கிழக்கு பார்த்த டேபிளுக்கு மாற்றினதும் சாய்கிறது. வாஸ்து இல்லை பாஸ், ஃபிசிக்ஸ்! 'டிரேஸ் ரொட்டேஷன்' என்று ஒரு குட்டி ஓட்டை முன்பக்கம் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் திருப்பினால், ட்யூபைச் சுற்றியுள்ள காயிலின் கரன்ட் மாறி, கோடு படுக்கும்.

படம் மங்கலாக, ஆனால் வழக்கத்தைவிடப் பெரிசாக இருக்கிறதா? காலிப்ரேட்டர் அலை நாலு கட்டம் வர வேண்டிய இடத்தில் நாலரை வருகிறது, பக்கவாட்டிலும் விரிந்திருக்கிறது. ஹை வோல்டேஜ் குறைந்ததன் கிளாசிக் அடையாளம் இது. இழுக்கும் வோல்டேஜ் குறைந்தால் எலெக்ட்ரான் மெதுவாகப் போகும், மெதுவாகப் போவதைத் தகடுகள் சுலபமாகத் திருப்பிவிடும், படம் பெரிசாகும். இன்டென்சிட்டியைக் கூட்டக் கூட்டப் படம் உப்பி, ஃபோகஸ் கலைந்தால், ஹை வோல்டேஜ் சப்ளையால் சுமையைத் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். இன்டென்சிட்டியை எவ்வளவு குறைத்தாலும் திரை கொதிக்கிறதா, கை திரும்பி வரும் பாதையும் மெல்லிசாகத் தெரிகிறதா? விரல் மூடவில்லை. பிளாங்கிங்கிலோ, ட்யூபின் கிரிட் சர்க்யூட்டிலோ கோளாறு. உடனே ஆஃப் பண்ணிவிடுங்கள். இவையெல்லாம் ஹை வோல்டேஜ் ஏரியா. காரணத்தைக் கண்டுபிடிக்கிறது உங்க வேலை, உள்ளே கை வைக்கிறது அனுபவஸ்தர் வேலை.

எல்லா வழியும் ரோமுக்கு இல்லை, பவர் சப்ளைக்கு!

எந்த முகம் காட்டினாலும், மூடியைத் திறந்ததும் முதலில் அளக்க வேண்டியது லோ வோல்டேஜ் சப்ளைகள். இதைத் தாண்டிப் போகிறவர்கள் மூன்று நாள் வேறு இடத்தில் சுற்றிவிட்டு இங்கேதான் வந்து சேர்வார்கள். 465-ல் பிளஸ் 110, பிளஸ் 55, பிளஸ் 15, பிளஸ் 5, மைனஸ் 8 என்று ஐந்து முக்கியமான சப்ளைகள். எங்கே அளக்க வேண்டும், எவ்வளவு விலகலாம் என்றெல்லாம் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அந்தக் கால மேனுவல்கள் இருக்கே... சர்க்யூட் டயகிராம், ஒவ்வொரு முனையிலும் இருக்க வேண்டிய வோல்டேஜ், அலையின் படம், இந்த சர்க்யூட் ஏன் இப்படி என்ற விளக்கம், கோளாறு தேடும் வழி வரை அத்தனையும் போட்டிருப்பார்கள். எந்த செமஸ்டர் டெக்ஸ்ட் புக்கைவிடவும் நல்ல புக் என்பது என் கட்சி. நெட்டில் தேடினால் ஸ்கேன் காப்பி கிடைக்கும்.

ஒரு சப்ளை கிட்டத்தட்ட ஜீரோவில் கிடக்கிறது என்று வையுங்கள். அந்த சப்ளையின் ரெகுலேட்டர்தான் அவுட் என்று அவசரப்படாதீர்கள். வீட்டு மோட்டார் நன்றாக ஓடியும் டேங்க் நிரம்பவில்லையென்றால், பைப் எங்கேயோ உடைந்திருக்கலாம் இல்லையா? 1970-களின் ஸ்கோப்களில் அந்த உடைசல் பெரும்பாலும் ஒரு டான்டலம் கபாசிட்டர். மிளகாய் விதை சைஸில் இல்லை, பட்டாணி சைஸில் சொட்டு மாதிரி தொங்கும். வயசானதும் ஷார்ட் ஆவது இதன் கெட்ட பழக்கம். சில சமயம் 'பட்' என்று வெடித்து வாசனையோடு விடைபெறும். பவரை ஆஃப் பண்ணி, சப்ளை கபாசிட்டர்கள் வடிந்த பிறகு, அந்த லைனுக்கும் கிரவுண்டுக்கும் ஓம்ஸ் பாருங்கள். ரொம்பக் குறைவாக வந்தால் எங்கேயோ ஷார்ட். ஒரே லைன் பல போர்டுகளுக்குப் பிரிந்து போகும். ஒவ்வொரு கிளையாகக் கழற்றி அளந்தால், எந்தக் கிளையைக் கழற்றியதும் ஓம்ஸ் ஏறுகிறதோ அங்கே இருக்கிறது ஷார்ட்.

மாற்றும்போது ஒரு பொறி உண்டு. சாதாரண எலெக்ட்ரோலைட்டிக் கபாசிட்டரில் கோடு போட்டிருப்பது மைனஸ் காலுக்கு. டான்டலத்தில் அடையாளம் இருப்பது பிளஸ் காலுக்கு! இரண்டையும் குழப்பிக்கொண்டு மாட்டினால், தீபாவளிதான். வோல்டேஜ் ரேட்டிங் பழையதைவிட ஒரு படி கூடுதலாக வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கவே இருக்கிறது. ஒரு பீஸ் கேட்கப் போனால் பத்து பீஸாக வாங்கிக்கொள்வது நல்லது. ஒன்று போன இடத்தில் அதன் சகோதரர்களுக்கும் வயசு அதேதான்.

மல்ட்டிமீட்டரில் 15 வோல்ட் சரியாகக் காட்டினாலும் அதற்கு மேல் நெளிவு சவாரி செய்துகொண்டிருக்கலாம். அதைப் பார்க்க ஸ்கோப் வேண்டும். ஸ்கோப்பை ரிப்பேர் பண்ண இன்னொரு ஸ்கோப்பா? அவசியமில்லை. கோடு ஏதோ ஒரு மாதிரி வந்துகொண்டிருந்தால், அதன் ப்ரோபை அதன் வயிற்றுக்குள்ளேயே வைத்து லோ வோல்டேஜ் லைன்களை அதிலேயே பார்க்கலாம். தன் நாடியைத் தானே பிடித்துப் பார்க்கும் வைத்தியர்!

இதெல்லாம் எதுக்கு, ஒரு டிஜிட்டல் ஸ்கோப் வாங்கிட்டா போச்சே என்பவர்களுக்கு ஜிம் வில்லியம்ஸைத் தெரியாது. இன்ஜினீயரிங் டிகிரி இல்லாமலே எம்.ஐ.டி.யில் சுமார் பத்து வருஷம் வேலை பார்த்தவர். பிறகு நேஷனல் செமிகண்டக்டர், லீனியர் டெக்னாலஜி கம்பெனிகளில் அவர் எழுதிய அப்ளிகேஷன் நோட்ஸ்களைப் படித்து வளர்ந்த அனலாக் இன்ஜினீயர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பழைய டெக்ட்ரானிக்ஸ் ஸ்கோப்கள் மேல் அவருக்குத் தீராத காதல். உடைந்த கருவிகளைச் சரி பண்ணுவது ஏன் முக்கியம் என்றே 1995-ல் வந்த ஒரு புத்தகத்தில் தனிக் கட்டுரை எழுதினார். நாம் டிசைன் பண்ணிய சர்க்யூட்டில் கோளாறு வந்தால், கோளாறா டிசைனே தப்பா என்று தெரியாது. ஆனால் ஒரு காலத்தில் ஓடிய மெஷின் என்றால், டிசைன் சரி என்பது நிச்சயம். நமக்கும் அந்த டிசைனருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு செத்த பார்ட். அதைத் தேடும் சாக்கில் ஒரு நல்ல மூளை எப்படி யோசித்தது என்பதை நிலை நிலையாகப் படித்துவிடலாம். 2011-ல் அவர் இறந்தபோது, கலிஃபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் அவருடைய குப்பையான ஒர்க் பெஞ்ச்சைக் கண்காட்சியில் வைத்தது. சுத்தம் பண்ணாமல், அப்படியே!

காப்பாற்ற முடியாத கேஸும் உண்டு. ட்யூபின் கழுத்துப் பக்கம் உள்ளே கண்ணாடி மாதிரி மினுமினுக்கும் ஒரு பூச்சு இருக்கும். கெட்டர் என்பார்கள். அது பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, முடிந்தது. கழுத்தில் செக்கச் சிவந்த ஹீட்டர் வெளிச்சம் தெரியவில்லை என்றால், பவரை ஆஃப் பண்ணி, சார்ஜை வடியவிட்டு, சாக்கெட்டைக் கழற்றி ஹீட்டர் முனைகளை ஓம்ஸில் பாருங்கள். ஓபன் என்றால் ட்யூப் அவுட். ஆன் நிலையில் அங்கே மீட்டரை வைக்கவே கூடாது. பல மாடல்களில் அந்தக் குட்டி ஹீட்டரே கேதோடோடு சேர்ந்து மைனஸ் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். ஹீட்டர் எரிந்தும், எல்லா வோல்டேஜும் சரியாக இருந்தும், அரை மணி நேரம் சூடான பிறகுதான் மங்கலாய் ஒரு கோடு வருகிறது என்றால் கேதோடு கிழடாகிவிட்டது.

அப்போதும் கண்டம் லிஸ்ட்டில் அவசரமாகக் கையெழுத்துப் போட விடாதீர்கள். முறைப்படி டிபார்ட்மென்ட்டில் கேட்டு, ட்யூப் போன ஸ்கோப்பை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் டிரான்ஸ்ஃபார்மர், சுவிட்ச்சுகள், நாப்கள், எங்கேயும் கிடைக்காத கம்பெனி நம்பர் போட்ட ஐ.சி.க்கள் எல்லாம், பரண் மேலே இருக்கும் அதே மாடல் அடுத்த பேஷன்ட்டுக்குத் தேவைப்படும். என்ன முகம் காட்டியது, எந்த சப்ளை எவ்வளவு இருந்தது, எதை மாற்றினீர்கள் என்று தேதியோடு ஒரு பேப்பரில் எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். 'நாட் வொர்க்கிங்' பேப்பரைக் கிழித்துவிட்டு!